தைப்பூசத்துக்கு மூன்று வாரம்: நாள் தள்ளும் மாத்திரை கேட்டு வந்தவர் – ஒரு நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரின் வடக்கு வட்டாரத்தில், குடியிருப்புப் பேட்டை ஒன்றின் புளோக்குக்குக் கீழே இருக்கும் சிறிய கிளினிக்கில் நான் தாதியாக வேலை செய்கிறேன். இது அங்கே வந்த ஒருவரின் கதை. அவர் சம்மதத்துடன்தான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி குடும்ப விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். மருந்து, அளவு, பரிசோதனை முடிவுகளில் கை வைக்கவில்லை.

மருந்து

அவர் கேட்டு வந்த, மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையின் பெயர் நோரெதிஸ்டெரோன். அது ஒரு செயற்கை ஹார்மோன். கருமுட்டை வெளியான பிறகு பெண் உடலில் சுரக்கும் புரொஜெஸ்டிரோனின் வேலையை இது செய்யும். 1951இல் மெக்சிகோ நகரில், சின்டெக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் லூயிஸ் மிராமொண்டெஸ் என்ற இளம் வேதியியலாளர் இதை முதன்முதலில் உருவாக்கினார். அந்த ஆய்வுக்குழுவை வழிநடத்தியவர் கார்ல் ஜெராசி. அந்நாளில் இத்தகைய ஹார்மோன்களுக்கு மூலப்பொருள் மெக்சிகோவில் விளையும் காட்டு வள்ளிக்கிழங்கு.

நம்மவர்கள் பெரும்பாலும் 5 மில்லிகிராம் மாத்திரையாக, பிரிமோலட் என்ற பெயரில் இதை அறிவார்கள். அளவுக்கு மீறிய உதிரப்போக்கை நிறுத்த, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது) வலிக்கு, மாதவிலக்கைச் சில நாள் தள்ளிப்போட என்று மூன்று வேலைக்கும் கொடுப்பதுண்டு. தள்ளிப்போடுவதற்கு வழக்கமான முறை இதுதான்: எதிர்பார்க்கும் நாளுக்கு 3 நாள் முன்பு தொடங்கி, நாளுக்கு மூன்று வேளை. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் மாதவிலக்கு வந்துவிடும். இந்தக் கடைசி வரிதான் பின்னால் வரும் குழப்பத்துக்கெல்லாம் வேர்.

பின்னணி

அவருக்கு 46 வயது. பாலர் பள்ளியில் சமையல் வேலை. கணவர் பேருந்து ஓட்டுநர், மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறார். மகன் தேசிய சேவைக்குப் போகும்போது, பிள்ளை நல்லபடியாக முடித்து வரவேண்டும் என்று மூன்று வருடம் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டார்.

முதல் வருடம் நாள் இடித்தது. வேறொரு கிளினிக்கில் டாக்டரைப் பார்த்து, இரத்த அழுத்தம், எடை எல்லாம் பார்த்து, முறையாக மாத்திரை வாங்கினார். சொன்னபடி சாப்பிட்டார். சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை நடந்து காணிக்கையைச் செலுத்தினார். மாத்திரையை நிறுத்திய மூன்றாம் நாள் மாதவிலக்கு வந்தது. இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. மருந்து எதற்கு இருக்கிறதோ அதற்கே பயன்பட்டது.

இரண்டாவது வருடம் கிளினிக் பக்கம் போகவில்லை. சென்னை போய் வந்த அண்ணி இரண்டு பெட்டி வாங்கி வந்து கொடுத்தார். இங்கே இது சீட்டு இல்லாமல் கிடைக்காது. அங்கேயும் சட்டப்படி சீட்டு வேண்டும்தான், ஆனால் தெருமுனை மெடிக்கலில் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள் என்பதும் நமக்குத் தெரிந்ததே. அந்த அட்டைகள் தைப்பூசத்துக்கு ஆயின. அப்புறம் ஒரு கல்யாணத்துக்கு, அதன் பின் செங்காங்கில் உறவினர் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்கு.

ஆண்டின் நடுவில் மாதவிலக்கே மாறத் தொடங்கியது. நிறையப் போனது, நாளும் நீண்டது. கையில்தான் மாத்திரை இருக்கிறதே என்று எடுத்துச் சாப்பிட்டார். இரண்டு நாளில் நின்றது. நின்றதும் மாத்திரையை நிறுத்தினார். மூன்றாம் நாள் மறுபடி வந்தது, முன்பைவிட அதிகமாக. மாத்திரை போதவில்லை என்று நினைத்து மறுபடி தொடங்கினார். வந்தது நோய் திரும்பியதல்ல, மருந்தை விட்டதால் வரும் எதிர்பார்த்த உதிரப்போக்கு. இதை அவருக்குச் சொல்ல ஆளில்லை. அட்டையோடு வரும் தாளை யாரும் விரித்துப் பார்ப்பதில்லை. இவரிடம் இருந்த அட்டையோ கத்தரிக்கோலால் பாதியாக வெட்டிப் பங்குபோட்டது. காலாவதித் தேதி இருந்த பாதி வேறு யாரிடமோ போயிருந்தது.

கிளினிக்கில் பார்த்தது

தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு மாலை, வேலை முடித்து நேராக வந்தார். கையில் காப்பிக்கடை பிளாஸ்டிக் பையில் தே ஓ பிங். தேநீர் தீர்ந்துவிட்டது. அவர் ஐஸ் கட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக் கடித்துக்கொண்டிருந்தார்.

“மிஸ்ஸி, தைப்பூசத்துக்கு மாத்திரை மட்டும் வேணும். டாக்டரப் பாக்கணுமா?”

“பாக்கணும்க்கா. அதுக்கு முன்னாடி பிரஷர் எடுத்துடலாம், உள்ள வாங்க.”

இரத்த அழுத்தம் 128/76. நாடித்துடிப்பு உட்கார்ந்த நிலையிலேயே 106. எடை 82 கிலோ, உயரம் 156 சென்டிமீட்டர், அதாவது உடல் எடைக் குறியீடு 33க்கு மேல். ஐஸ் கடிப்பது எத்தனை நாளாக என்று கேட்டேன். வெயிலுக்கு இதமாக இருக்கிறது, தீபாவளிக்கு முன்னாலிருந்தே இப்படித்தான் என்றார், சிரித்துக்கொண்டே. வீட்டில் ஃப்ரீசர் தட்டு ஒருநாளும் நிறைந்து இருப்பதில்லையாம். இரும்புச்சத்து கடுமையாகக் குறைந்தவர்களுக்கு ஐஸ் மீது இப்படி ஓர் ஏக்கம் வருவதுண்டு. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பே இல்லை, காகிதம் போல வெளுத்திருந்தது.

கடைசி மாதவிலக்கு எப்போது என்ற கேள்விக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பலரும் இந்த இடத்தில் “மாசா மாசம் சரியாத்தான் வருது” என்று சொல்லிவிடுவார்கள். இவரும் சொன்னார். கோயிலுக்குப் போகாத நாள்களை எப்படி நினைவு வைத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டேன். “காலண்டர்ல புள்ளி வச்சிருவேன்” என்றார். நட்சத்திரமும் திதியும் போட்ட மாதக் காலண்டர், சமையலறைச் சுவரில். மகளுக்குப் போன் போட்டார். மகள் ஜூலையிலிருந்து டிசம்பர் வரை ஒவ்வொரு தாளையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

சிவப்புப் பேனாவில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி. பிரதோஷத்தின் மேல் விழுந்த புள்ளியைச் சுற்றி வட்டம், அன்று போக முடியாத வருத்தம் போலும். ஜூலையில் 8 புள்ளி. ஆகஸ்டில் 14. அக்டோபரில் 19. நடுவில் மூன்று நான்கு நாள் வெற்றிடங்கள். அவை மாத்திரை சாப்பிட்ட நாள்கள் என்று அவரே விரலை வைத்துக் காட்டினார். கைப்பேசிச் செயலி எதுவும் இவ்வளவு ஒழுங்காகக் குறித்து நான் பார்த்ததில்லை. கோயில் கணக்குக்காக நம் பெண்கள் வைத்திருக்கும் இந்தக் குறிப்பைக் கிளினிக்குகள் கேட்டு வாங்காமல் இருப்பது ஒரு வீண் நட்டம் என்றே நினைக்கிறேன்.

டாக்டர் மீதியைக் கேட்டார். நிறையப் போகும் நாளில் மணிக்கு ஒரு நாப்கின். ஐம்பது காசு நாணய அளவில் கட்டிகள். மேம்பாலப் படி ஏறினால் மூச்சிரைப்பு. நெஞ்சுவலி இல்லை, கால் வீக்கம் இல்லை. சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை எதிர்மறை. 46 வயதில் எதற்கு என்று அவர் கேட்டார். இந்த வயதில் உதிரப்போக்கு தாறுமாறானால், கர்ப்பம் இல்லை என்று முதலில் உறுதிசெய்துகொள்வதுதான் முறை. தவிர, நாள் தள்ளச் சாப்பிடும் இந்த மாத்திரையைக் கருத்தடையாக நம்பவும் கூடாது. வயிற்றைத் தொட்டுப் பார்த்ததில் பெரிதாக ஒன்றும் தட்டுப்படவில்லை. இரத்தம் எடுத்து அனுப்பினோம்.

எடுத்த முடிவும் காரணமும்

டாக்டர் அன்று நோரெதிஸ்டெரோன் எழுதவில்லை. காரணங்களை அவரிடமே ஒவ்வொன்றாகச் சொன்னார்.

முதலாவது, காரணம் தெரியாத உதிரப்போக்கு இருக்கும்போது இந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது என்பது மருந்தின் குறிப்பிலேயே இருக்கிறது. 45ஐத் தாண்டியவருக்கு உதிரப்போக்கு இப்படி மாறினால் கருப்பையின் உள்சவ்வைச் சோதிக்க வேண்டும். நாற்பதுகளின் நடுவில் பல மாதங்களில் கருமுட்டை வெளியாவதில்லை, அதனால் புரொஜெஸ்டிரோனும் சுரப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் என்ற மற்றொரு பெண் ஹார்மோன் மட்டும் தனித்து நின்று உள்சவ்வைத் தடிக்கச் செய்யும். உடலில் கொழுப்பு கூடுதலாக இருந்தால் அங்கேயும் ஈஸ்ட்ரோஜன் உருவாகும். இவருக்கு இரண்டும் பொருந்தியது.

இரண்டாவது, இரத்தம் உறைதல். இது வெறும் புரொஜெஸ்டிரோன் வகைதானே, கருத்தடை மாத்திரையில் உள்ள ஆபத்து இதில் இல்லை என்று நினைப்பவர்கள் நிறைய. உண்மையில் நோரெதிஸ்டெரோனில் ஒரு சிறு பங்கு உடலுக்குள் எதினைல் எஸ்ட்ரடயோல் என்ற ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. நாளுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் சாப்பிட்டால், அது அந்த ஈஸ்ட்ரோஜனை 20 முதல் 30 மைக்ரோகிராம் சாப்பிட்டதற்குச் சமம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கிட்டத்தட்ட, இரண்டு ஹார்மோனும் சேர்ந்த ஒரு கூட்டுக் கருத்தடை மாத்திரையில் இருக்கும் அளவு. பருமனாக இருப்பவருக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம். கருத்தடைக்கான சிறு அளவில் இந்தப் பிரச்சினை எழுவதில்லை. 5 மில்லிகிராமை மூன்று வேளை சாப்பிடும்போதுதான் எழுகிறது.

மூன்றாவதைத்தான் அவர் கொஞ்ச நேரம் பேசாமல் கேட்டார். இந்த மாத்திரை இப்போதும் வேலை செய்யும், உதிரம் நிற்கும், நீங்களும் டேங்க் ரோடு வரை போவீர்கள். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தேடும் வேலை இன்னும் இரண்டு மாதம் தள்ளிப்போகும். ஆறு மாதமாக அதுதான் நடந்திருக்கிறது.

“அப்ப இந்த வருஷம் பால்குடம்?”

எடுக்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. நேர்த்திக்கடன் பற்றித் தீர்ப்புச் சொல்வது கிளினிக்கின் வேலையும் அல்ல. இரத்த முடிவு வரட்டும் என்றார் டாக்டர். ஹார்மோன் இல்லாமல் உதிரப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம், நிறையப் போகும் நாள்களுக்கு மட்டும் என்று எழுதினார். அதோடு இரும்பு மாத்திரை, மகளிர் மருத்துவமனைக்குக் கடிதம்.

மறுநாள் காலை முடிவு வந்தது. ஹீமோகுளோபின் 7.1, அவர் வயதுப் பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும். சிவப்பணுக்கள் சிறுத்திருந்தன. சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் 4. கடிதத்துக்கான தேதி வரும்வரை காத்திருக்க இடமில்லை. நாடித்துடிப்பும் மூச்சிரைப்பும் சேர்ந்திருந்ததால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போகச் சொன்னோம். அவர் வேலையில் இருந்ததால் போனை எடுக்கவில்லை, மகள்தான் எடுத்து, போய் அழைத்துக்கொண்டு போனார்.

மருத்துவமனையில்

உதிரப்போக்கு அன்று குறைவாக இருந்ததால் இரத்தம் ஏற்றவில்லை. நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றினார்கள். ஸ்கேனில் கருப்பைச் சுவரில் 3 சென்டிமீட்டரில் ஒரு நார்க்கட்டி, அதைவிட முக்கியமாக உள்சவ்வு 18 மில்லிமீட்டர் தடிமன். மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி உள்சவ்வில் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மயக்க மருந்து தேவைப்படவில்லை. பிடித்து இழுப்பது போல ஒரு நிமிஷம் வலித்தது, பிரசவ வலியோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை என்று பிறகு சொன்னார்.

மாதிரி எடுத்த பிறகுதான் ஹார்மோன் தொடங்கினார்கள். மெட்ராக்ஸிபுரொஜெஸ்டிரோன் என்ற வேறு வகை, தினமும். இது எதினைல் எஸ்ட்ரடயோலாக மாறுவதில்லை.

பத்து நாள் கழித்து முடிவு: உள்சவ்வு மிகைவளர்ச்சி, அணுக்களில் பிறழ்வு இல்லை. புற்றுநோய் இல்லை. இந்த வகையைச் சும்மா விட்டாலும் 20 ஆண்டுகளில் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்கும் குறைவு. அணுக்களில் பிறழ்வு இருந்திருந்தால் பேச்சே வேறு, கருப்பையை எடுப்பது வரை போயிருக்கும்.

இதற்கு வாய்வழி சிகிச்சை என்று எழுதப்பட்டிருக்கும் மருந்துகளில் நோரெதிஸ்டெரோனும் ஒன்று. நாளுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், விடாமல், குறைந்தது ஆறு மாதம். அதே மாத்திரையைத்தான் இவர் ஆறு மாதமாக வைத்திருந்தார். மூன்று நாள் சாப்பிட்டு நான்கு நாள் விட்டதில் சவ்வு சிறுக்கவும் இல்லை, இரத்தம் மிஞ்சவும் இல்லை. “கெழங்குலேருந்து எடுத்ததுதானே, நாட்டு மருந்து மாதிரி, கெடுதல் இல்ல” என்று அண்ணி சொல்லிக் கொடுத்தாராம். கிழங்கு என்னவோ உண்மைதான்.

தைப்பூசம்

ஹீமோகுளோபின் 9க்கு வந்திருந்தது. வெறுங்காலோடு கூட்டத்தில் அவ்வளவு தூரம் நடப்பதை மருத்துவமனை டாக்டர் விரும்பவில்லை. குடும்பத்தில் இரண்டு நாள் பேச்சு. மாமியார்தான் முடித்து வைத்தார்: “முருகன் எங்கயும் ஓடிப்போயிட மாட்டான். நீ அடுத்த வருஷம் எடு, இந்த வருஷம் பேத்தி எடுக்கட்டும்.” அம்மா கூடவே நடந்து வருவதாக, முடியாவிட்டால் நேராக டேங்க் ரோட்டில் போய் நிற்பதாக ஏற்பாடு.

அன்று அதிகாலை அவருக்கு லேசாக உதிரம் பட்டது. புதிய ஹார்மோன் தொடங்கிய வாரங்களில் இப்படி ஆவது சகஜம். அவர் வீட்டிலேயே இருந்துவிட்டார். மகள் பால்குடம் எடுத்தார்.

இதன் விலையைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. இரண்டு வாரம் கழித்துக் கிளினிக்குக்கு வந்தபோது முகம் கொடுத்துப் பேசவில்லை. “நீங்க அன்னிக்கு மாத்திரை குடுத்திருந்தா நான் போயிருப்பேன்” என்றார். அது உண்மை. டாக்டர் மறுக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. இரத்த எண்ணிக்கையைக் காட்டி, அடுத்த தேதியை எழுதிக் கொடுத்தார்.

அடுத்த ஒரு வருடம்

மருத்துவமனை பரிந்துரைத்தது, லெவொநோர்ஜெஸ்ட்ரல் என்ற புரொஜெஸ்டிரோன் வகை ஹார்மோனைச் சிறிது சிறிதாக வெளியிடும், கருப்பைக்குள் வைக்கும் சாதனம். மாத்திரையைவிட இதில் உள்சவ்வு இயல்புக்குத் திரும்பும் வாய்ப்பு அதிகம், மறந்துபோக வழியில்லை. அந்தச் சாதனத்தோடு முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாக உதிரம் பட்டுக்கொண்டே இருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். சொன்னது ஒன்று, அனுபவிப்பது வேறொன்று. கோயில் நாள் பார்க்கிறவருக்கு, மாதத்தில் ஐந்து நாள் நிறையப் போவதைவிட இருபது நாள் லேசாகப் படுவது பெரிய கஷ்டம். மூன்றாம் மாதம் எடுத்துவிடச் சொல்லி வந்து நின்றார்.

காலண்டரைக் கொண்டுவரச் சொன்னேன். தாள்களை மேசையில் வரிசையாக வைத்தோம். முதல் மாதம் 22 புள்ளி, இரண்டாம் மாதம் 17, மூன்றாம் மாதம் 11. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சரி, இன்னும் ரெண்டு மாசம் பாக்குறேன்” என்றார். ஆறாம் மாதத்தில் இரண்டு புள்ளிதான்.

ஆறாம் மாதம் எடுத்த மாதிரியில் உள்சவ்வு இயல்பு. பன்னிரண்டாம் மாதமும் இயல்பு. அடுத்தடுத்து இரண்டு முறை இப்படி வந்தால்தான் நோய் அடங்கியதாக எடுத்துக்கொள்வார்கள். ஹீமோகுளோபின் 12.4. எடை 6 கிலோ குறைந்தது, அதில் பாதி மூச்சிரைப்பு போய் நடக்க முடிந்ததால் என்று நினைக்கிறேன். தே ஓ பிங் இன்னும் குடிக்கிறார், ஐஸைக் கடிப்பதில்லை. மூன்றாம் வருடப் பால்குடத்தை, மாத்திரை எதுவும் இல்லாமல், தன் தலையிலேயே சுமந்து போய்ச் செலுத்தினார்.

கிளினிக்கில் மாற்றியவை

தைப்பூசம், தீமிதி, கல்யாண மாதங்களில் எங்களிடம் இந்த மாத்திரை கேட்டு வருபவர்கள் கூடுவார்கள். கேட்பதில் தவறில்லை, பெரும்பாலோருக்குக் கொடுக்கவும் செய்கிறோம். ஆனால் இப்போது முதல் கேள்வி “மாதவிலக்கு சரியாக வருகிறதா” என்பதல்ல. “இந்த மாத்திரையை இந்த வருடம் எத்தனை தடவை சாப்பிட்டீர்கள், எங்கே வாங்கியது” என்பதுதான். காலண்டர் இருந்தால் படம் கேட்கிறோம். 40ஐத் தாண்டியவர் இரண்டாம் முறை கேட்டால், கொடுப்பதற்கு முன் இரத்த எண்ணிக்கை பார்க்கிறோம். முன்பு காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்தவருக்கும், பார்வை மினுங்கும் வகை ஒற்றைத் தலைவலி உள்ளவருக்கும் கிடையாது. முன்பு மாத்திரை உறையில் வேளை மட்டும் எழுதுவோம். இப்போது தமிழில் மூன்று வரி சேர்க்கிறோம்: ‘நிறுத்திய 2, 3 நாளில் மாதவிலக்கு வரும். அது வந்ததற்காக மறுபடி சாப்பிட வேண்டாம். 7 நாளுக்கு மேல் போனால் வாருங்கள்.’ கெண்டைக்கால் வலித்து வீங்கினால், மூச்சுத் திணறினால் நேராக அவசரப் பிரிவுக்கு என்பதை வாயால் சொல்கிறோம்.

தேதியும் முக்கியம். மூன்று வாரம் இருக்கும்போது வந்தால் இத்தனையும் செய்ய நேரமில்லை. அதனால் மார்கழி பிறந்ததுமே, தைப்பூசத்துக்கு மாத்திரை வேண்டுவோர் இப்போதே வந்து பேசலாம் என்று கவுன்டரில் தாள் ஒட்டுகிறோம். வெளியிலிருந்து பெட்டியாக வந்து, அட்டையாக வெட்டி, உறவுக்குள் கைமாறும் மாத்திரைக்கு மட்டும் எங்களிடம் இன்னும் வழியில்லை. அந்த அண்ணிக்கு 49 வயது. போன மாதம் அவரே வந்தார், காலண்டரைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு. ஸ்கேனுக்குத் தேதி வாங்கிக் கொடுத்திருக்கிறோம்.